தலையாட்டிய கட்டியக்காரர்

கடல்நீர் கரும்புச்சாறாய் இனித்த காலமாம் அது. எறும்பு மொய்க்கிறதே என்றுதான் பிறகு உப்பைக் கொட்டினார்களாம். நம்பாதவர்கள் போய் நக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது வேலங்காட்டு அரசனிடம் மாணிக்கநம்பி என்றொரு கட்டியக்காரர் இருந்தார். அரசன் அவைக்கு வரும்போது அவன் பட்டங்களை முழங்குவது அவர் வேலை. அவர் முழங்கினால் அடுத்த ஊர்க் கோழிகள் முட்டையிடும்.

அவருக்கு வயதாயிற்று. பழைய பட்டம் ஒன்றுகூட நினைவிலிருந்து உதிரவில்லை. புதியதுதான் ஒட்டவில்லை. அதை யாரிடமும் அவர் சொல்லவில்லை.

ஒருநாள் தம் மகனுக்கு இளவரசியைப் பெண் கேட்டு மலைநாட்டரசர் நெடுங்கோ வந்தார். முன்பு ஒரு போரில் இவர்களிடம் தோற்றவர்.

அமைச்சர் காலையிலேயே சொன்னார்: “ஐயா, ‘மலைநாட்டானை ஓட ஓட விரட்டியவரே’ என்பதை இன்று விட்டுவிடும். ‘மலைநாட்டின் உறவே’ என்று சொல்லும்.”

மாணிக்கநம்பி தலையாட்டினார். நண்பகலில் அமைச்சர் மறுபடி சொன்னார்; கிழவர் மறுபடி தலையாட்டினார். அவை வாசலில் அமைச்சர், “இன்னொரு முறை சொல்லட்டுமா?” என்றார்.

“எனக்கா? நீர் தவழ்ந்த காலத்திலேயே கட்டியம் சொன்னவன் நான்.”

உண்மையில், அமைச்சர் என்ன சொன்னார் என்பதே அவருக்கு நினைவில்லை. கேட்க வெட்கம்.

அரசன் நுழைந்தான். மாணிக்கநம்பி முழங்கினார்: “மலைநாட்டானை ஓட ஓட விரட்டியவரே!”

நெடுங்கோ எழுந்துவிட்டார். திரைக்குப் பின்னால் இளவரசியின் வளையல் ஓசை நின்றது.

அரசன் அமைச்சரைப் பார்த்தான். “இவரிடம் நீர் சொல்லவில்லையா?”

மாணிக்கநம்பி தரையைப் பார்த்தார்.

“சொல்ல மறந்தீரா?” கிழவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அமைச்சர் தலைகுனிந்தார்.

மாணிக்கநம்பி தரையைப் பார்த்தார்.

“முத்திரை மோதிரத்தைக் கழற்றும்.”

அமைச்சர் மோதிரத்தைக் கழற்றும்போதுதான் கிழவருக்கு வாய் திறந்தது. “சொன்னார், அரசே. இரண்டு முறை சொன்னார், இன்னொரு முறை சொல்லட்டுமா என்றும் கேட்டார். எனக்கு நினைவில் நிற்கவில்லை. திரும்பக் கேட்டால் கிழவனாகிவிட்டான் என்பார்களே என்று தலையாட்டினேன்.” காது மடல்வரை முகம் சிவந்தது.

நெடுங்கோ அவரை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். அவருக்கும் தலை நரைத்திருந்தது.

“பெண்ணின் பெயர் என்ன சொன்னீர்கள்?” என்று அரசனைக் கேட்டார்.

“தேமொழி.”

“வழியெல்லாம் என் ஆட்களிடம் கேட்டுக்கொண்டேதான் வந்தேன். மறுபடி மறந்துவிட்டது, மறுபடி கேட்கிறேன்” என்றவர், கட்டியக்காரர் பக்கம் திரும்பினார். “எனக்கும் நிற்பதில்லை ஐயா. ஆனால் நான் கேட்டுவிடுவேன்.”

மோதிரம் அமைச்சர் விரலுக்குத் திரும்பியது; திருமணம் நிச்சயமாயிற்று. எல்லோரும் சிரித்துப் பேசினார்கள். மாணிக்கநம்பி மட்டும் தலை நிமிரவில்லை. அவரைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

ஆகவே, வயதானபின் மறந்ததைத் திரும்பக் கேட்பதில் வெட்கமில்லை; தெரிந்ததுபோல் தலையாட்டுவதுதான் வெட்கம்.