கழுதைக் கொடி பறந்த கதை

வெகு காலத்துக்கு முன்னால், மலையும் மழையும் கைகோத்துக் கிடந்த வேங்கைப்பாடி என்ற நாட்டை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காதில் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பேச்சே அவருக்கு வேதம்.

அந்தக் காதுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒட்டிக்கொண்டு நின்றவர் பண்டகசாலைத் தலைவர் சொக்கப்பர். பெருமை பிடித்த ஆசாமி. தன் வீட்டுக் குதிரைக்கு நீலமணி மாலை, மாட்டுக்கு நீலமணி மாலை, பொதி சுமக்கும் கழுதைக்குக்கூட நீலமணி மாலை! "ஊரில் வேறு யார் வீட்டில் இருக்கிறது இது?" என்று சபையிலேயே கேட்பார். அமைச்சர் நாகலிங்கனாரைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. அந்த அமைச்சர் ஆசனத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

ஒருநாள் சொக்கப்பர் ராஜாவிடம் சொன்னார். "மகாராஜா, மரம் தானே முளைக்கிறது. புலி தானே குட்டி போடுகிறது. இதற்குக் காட்டுக் காவலர் என்று ஒரு கூட்டத்தை உட்கார வைத்துச் சோறு போடுகிறோமே! அதை நிறுத்தினால் தங்களுக்கு ஒரு பன்னீர்க் குளம் வெட்டலாம்."

பன்னீர்க் குளம் என்றதும் ராஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. காவலர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாகலிங்கனாருக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, மான் நக்கும் உப்பைச் சுமந்துபோய் வைத்தவர்கள் அவர்கள். மரம் வெட்ட வந்தவனை விரட்டியவர்கள் அவர்கள். அவர்கள் போனால் காடும்..." என்று ஆரம்பித்தார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாளும்.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓய் அமைச்சரே! இனிமேல் இந்தச் சபையில் 'காடு' என்று ஒரு வார்த்தை உம் வாயில் வரட்டும், அன்றைக்கே உம்முடைய ஆசனம் சொக்கப்பருக்கு!"

சொக்கப்பர் மீசையைத் தடவிக்கொண்டார்.

காவலர் தலைவி வீராயி அமைச்சரைத் தேடி வீட்டுக்கே வந்தாள். "ஐயா, சந்தன மரமெல்லாம் சாயுது. யாரு வெட்டுறான்னு எங்களுக்குத் தெரியும். கேக்கத்தான் எங்க கையில அதிகாரம் இல்ல. இந்தக் கோடாலிச் சத்தத்துல புலியெல்லாம் மேற்குமலைக்கு ஏறிடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டா அடுத்த நாட்டுக்கே போயிடும்யா" என்று அழுதாள். அமைச்சர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வாயைத் திறந்தால் பதவி போகும். திறக்காவிட்டால் புலி போகும். என்னதான் செய்வது?

யோசித்தவர் சட்டென்று சிரித்துவிட்டார். முடிசூட்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது!

வேங்கைப்பாடியில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் முடிசூட்டு நாளில் புதுப் புலிக்கொடி ஏற்றுவார்கள். அரண்மனை ஓவியர் மலைச்சுனை ஓரம் போய் உட்கார்ந்து, கண்ணால் பார்த்துத்தான் அதை எழுத வேண்டும். பார்க்காததை எழுதக் கூடாது. 'தன் மண்ணில் இல்லாத புலியைக் கொடியில் காட்டுகிறவன் பொய்யன்' என்பது மகாராஜாவின் பாட்டனாரான முதல் ராஜா செய்த சத்தியம்.

சபையில் நாகலிங்கனார் எழுந்தார். "மகாராஜா, ஓவியர் செவ்வந்தியார் கொடி எழுதப் புறப்படலாமா?"

சொக்கப்பருக்கு வியர்த்தது. "எதற்கு வீண் அலைச்சல்? பழைய கொடியைப் பார்த்து எழுதினால் போதாதா?"

"தாராளமாக எழுதலாம்" என்றார் அமைச்சர் பணிவாக. "மகாராஜாவின் பாட்டனார் சத்தியத்தைவிட சொக்கப்பர் யோசனை பெரிது என்று மகாராஜா நினைத்தால்!"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன பேச்சு இது! செவ்வந்தியாரே, புறப்படும்! பார்த்ததை எழுதும்!"

விழா நாளும் வந்தது. அயல்நாட்டுத் தூதர்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். முரசு முழங்கியது. செவ்வந்தியார் கயிற்றை இழுத்தார். கொடி விரிந்தது.

கொடியில் ஒரு கழுதை!

முதுகில் சந்தனக் கட்டை, கழுத்தில் நீலமணி மாலை. தூதர்கள் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்னய்யா இது?" ராஜா கத்தினார். "என் புலி எங்கே?"

"பார்த்ததைத்தான் எழுதினேன் மகாராஜா. சுனையோரம் பல நாள் உட்கார்ந்தேன். இவர்தான் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்."

ராஜா கொடியை உற்றுப் பார்த்தார். மணிமாலையைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிச் சொக்கப்பரைப் பார்த்தார். "ஊரில் வேறு யார் வீட்டில் இருக்கிறது இது?"

சொக்கப்பர் தடாலென்று காலில் விழுந்தார்.

"அமைச்சரே, இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"

"சொல்லியிருப்பேன் மகாராஜா. அதற்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது. அது என்னிடம் இல்லை."

ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? அங்கேயே ஆணை பிறந்தது. வீராயியும் அவள் ஆட்களும் காட்டுக்குத் திரும்பினார்கள். பன்னீர்க் குளத்துக்கு வைத்திருந்ததெல்லாம் காவல் குடில்களுக்குப் போனது. சொக்கப்பர் தம் கழுதைகளை ஓட்டிக்கொண்டு வீராயி சொல்லும் இடமெல்லாம் உப்புச் சுமக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

"கொடியை இறக்கிவிடலாமா?" என்று ஒரு சேவகன் கேட்டான்.

"தொடாதே!" என்றார் ராஜா. "செவ்வந்தியார் வேறொன்றைப் பார்க்கும்வரை அது பறக்கட்டும். எனக்கு அது வேண்டும்."

கழுதை பறந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் சிரித்தார்கள். ராஜா ஒவ்வொரு காலையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "காவலருக்குக் கம்பளி போயிற்றா? உப்பு போயிற்றா?" என்று கேட்டுக்கொண்டே சபைக்கு வருவார்.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள், முழங்கால்வரை சேறோடு செவ்வந்தியார் சபைக்குள் ஓடி வந்தார். கையில் புதுக் கொடி. அதில் புலி இல்லை. சுனையோரச் சேற்றில் அழுந்திய ஒரு பெரிய காலடி மட்டும் இருந்தது.

"முகம் இன்னும் காட்டவில்லை மகாராஜா. ஆனால் வந்துவிட்டது."

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. "போதும். அதை ஏற்றுங்கள். பழைய கொடியைச் சொக்கப்பருக்குப் பொன்னாடையாகப் போர்த்துங்கள்!"

சபை சிரித்து ஓய்ந்ததும் அமைச்சர் எழுந்தார். "மகாராஜா, அந்த வார்த்தையை இப்போதாவது திருப்பித் தருவீர்களா?"

"சொல்லும் ஓய், வாய் நிறையச் சொல்லும்!"

"காடு" என்றார் நாகலிங்கனார். சொல்லிவிட்டு, ருசி பார்த்தவர் போல இன்னொரு தரமும் சொன்னார்.