கேலரிக்கு வைத்த பெயர்

வடசென்னையில் ஒரு கால்பந்து கிளப். அதற்கு ஏழு கோப்பை வாங்கிக் கொடுத்த மேனேஜர் கனகசபாபதி விசில் ஊதினால் பந்துக்கே வேர்க்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. கேலரிக்கு அவர் பெயரை வைக்கக் கமிட்டி கூடியது. அந்த நாள் பார்த்து, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் மாசிலாமணியை மேனேஜர் கமிட்டி அறைக்கே கூப்பிட்டு நிறுத்தினார்.

"டீக்கடையில இன்னாயா சொன்ன? கோப்பை என்னால வரலியாமே?"

"ஆடுனது பசங்கதானேன்னு சொன்னேன் சார்."

"அப்ப நீயே ஒரு டீமுக்கு மேனேஜரா இரு. ஒரு மாசத்துல என்னை ஜெயிச்சுக் காட்டு. தோத்தா வேலையை விட்டுடணும்."

கமிட்டி சிரித்தது. மாசிலாமணி தலையைச் சொறிந்தார்.

"சரி சார். பெரிய மனுசன் நீங்க, ஒரே ஒரு சலுகை குடுங்க. உங்க பதினோரு பேரை நான் வச்சுக்கறேன். பெஞ்சுல குந்திக்கினு இருக்கானுங்களே, அவனுங்களை நீங்க வச்சுக்குங்க."

மேனேஜர் பொங்கிவிட்டார். "அறிவிருக்கா? அந்தச் சொத்தைப் பசங்களை வச்சுக்கினு எந்தக் கொம்பன்யா ஜெயிப்பான்?"

"அதைத்தான் சார் டீக்கடையில சொன்னேன்."

அந்த அறையில் புரியாதவர் என்று ஒருவரும் இல்லை. கமிட்டித் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெயர்ப்பலகை எழுதி வந்துவிட்டதே என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள்.

நடக்காத அந்த ஆட்டத்தில் மாசிலாமணி தோற்றுவிட்டதாக மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, மறுநாளே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.