நிலையோட வந்த கதவு

ஓணாம்பாறைக்காரங்க சொன்ன சொல்லைத் தட்ட மாட்டாங்க. அந்த ஊருல இருந்த ஒரே தொல்லை அதுதான்.

சுதந்திர தினத்துக்கு ஊர்த் தலைவர் தண்டோரா போட்டாரு. கதவு அலங்காரம் செஞ்சு மைதானத்துக்குக் கொண்டாரணும். யாரோடது நல்லா இருக்கோ, அவங்க கையாலதான் கொடியேத்தம். பரஞ்சோதிக்கு அன்னிக்கே தூக்கம் போச்சு. வருஷா வருஷம் அடுத்தவன் கயிறு இழுக்குறதையே பாத்த மனுஷன். கிணத்து வாளியை இழுத்துப் பழகிக்கிட்டான். வாளி மேல வந்ததும் ஒரு சல்யூட்.

கைவேலை டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க. "வட்டமா அட்டை வெட்டுங்க. மைதாவைக் கூழாட்டம் காய்ச்சி, காவி, வெள்ளை, பச்சைக் காகிதப் பூவை ஒட்டுங்க. கதவுல மாட்டிக் காய விடுங்க. காயுற வரைக்கும் எடுக்காதீங்க, கதவையும் திறக்காதீங்க. பூ உதிர்ந்துடும்."

பரஞ்சோதியும் கூட்டாளிங்க மாசிலாமணியும் சன்னாசியும் பசை காய்ச்சுனாங்க. கூழுன்னா மோர் வேணுமே. ஊத்துனாங்க. வெங்காயமும் போட்டு, ஆளுக்கு ஒரு சொம்பு குடிச்சுட்டு, மிச்சத்துல பூ ஒட்டி, பரஞ்சோதி வீட்டுக் கதவுல வெளிப்பக்கமா மாட்டுனாங்க. உள்ள வந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாங்க.

விடிஞ்சும் மோர்ப்பசை காயல.

"கதவோட தூக்கிட்டுப் போயிருவோம்," என்றான் பரஞ்சோதி.

"கதவைக் கழட்டணும்னா திறக்கணுமேடா," என்றார் மாசிலாமணி.

சன்னாசி நிலைச்சட்டத்தைத் தட்டிப் பாத்தான்.

"நிலையோட பேத்துட்டா?" என்றான். "ஜன்னலையும் எடுத்துக்குவோம்ணே. எதுக்கும் இருக்கட்டும்."

"போட்டி கதவுக்கு மட்டுந்தான்டா. பேராசைப்படாத," என்றார் மாசிலாமணி.

கடப்பாறையால சுவத்தை இடிச்சு, நிலையும் கதவுமா தூக்கிக்கிட்டு, அந்த ஓட்டை வழியாவே வெளிய வந்தாங்க. மைதானத்துல நட்டு நிறுத்துனாங்க. தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்ததால, பரஞ்சோதி மரியாதையா உள்பக்கமே நின்னுக்கிட்டான்.

தலைவர் சுத்திப் பாத்தாரு. "எல்லாரும் அட்டையைத்தான் கொண்டாந்திருக்காங்க. நாட்டுக்காகச் சுவத்தை இடிச்சவன் இவன் ஒருத்தன்தான். வாப்பா பரஞ்சோதி, கயித்தை இழு."

கதவுக்குப் பின்னாடி அழுகை கேட்டுச்சு. "எப்படிங்க வருவேன்? பசை காயலையே. கதவைத் திறக்கக் கூடாதே."

ஊரே யோசிச்சுது. கடைசியில தலைவருக்குத்தான் வழி தெரிஞ்சுது. "அழாதப்பா. கொடிக்கயித்தை ஜன்னல் வழியா குடுத்துடுறோம்."

சன்னாசி மாசிலாமணியை ஒரு பார்வை பாத்தான். "அப்பவே சொன்னேன்லண்ணே."

கடப்பாறையை எடுத்துக்கிட்டு ஜன்னலைக் கொண்டாரக் கிளம்புனாங்க. பரஞ்சோதி மூக்கை உறிஞ்சிக்கிட்டு உள்ளயிருந்து கத்துனான்.

"வீடு திறந்தே கிடக்குது. வர்றப்ப கதவைச் சாத்திட்டு வாங்க."