கேட்டுப் போட்ட மைக்

"ரெண்டுல எது நல்ல பெட்டி, டீச்சர்?"

எமல்டா வடை தின்றுகொண்டிருந்தார்.

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தாறு வயது, சிஷ்யனுக்கு ஐம்பத்துமூன்று. தங்கப்பழம் தூத்துக்குடியில் முப்பது வருஷமாக மைக்செட் வைத்திருப்பவர். டிஜிட்டல் மிக்சர் வந்ததும் பிழைப்பு ஆட்டம் கண்டது. வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மிக்சர் வேலை சொல்லிக்கொடுக்கும் எமல்டாவிடம் படிக்கப் போனார். அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும்.

இரண்டு கடைக்காரர்கள் ஆளுக்கொரு மிக்சரைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"கறுப்புப் பெட்டில முப்பத்திரண்டு சேனல். சாம்பல்ல பதினாறுதான், ஆனா ஸ்கிரீனைத் தொட்டாப் போதும். கறுப்புல எக்கோ அருமை. சாம்பல்ல கேட்டு அருமை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, டீச்சர்."

"இன்னைக்கு யாரு பேசுதா?"

"கருத்துக் கேட்புக் கூட்டம். ஆபீசருங்க, கம்பெனிக்காரங்க, அப்புறம் ஜனங்க."

"ஜனங்கன்னா யாரு?"

"ஜனங்கதான்."

எமல்டா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஜனங்க மைக்குக்குக் கேட்டுப் போடுங்க, அண்ணாச்சி."

அவ்வளவுதான். கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

தங்கப்பழத்துக்கு ஒரே குஷி. டீச்சருக்கும் சாம்பல் பெட்டிதான் பிடித்திருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார்.

கேட்டு என்பது மிக்சருக்குள் இருக்கும் ஒரு வசதி. வீட்டு கேட்டு செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்யும். சத்தம் ஓர் அளவைத் தாண்டி வந்தால் திறக்கும், இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். ஃபேன் இரைச்சல், நாற்காலி இழுக்கிற சத்தம், இருமல் எதுவும் உள்ளே வராது.

மேடை மைக்குகளைக் கறுப்பில் செருகினார். ஜனங்கள் மைக்கைச் சாம்பலில் செருகி, கேட்டையும் நன்றாக இறுக்கிப் போட்டார். மண்டபமே துடைத்து வைத்தது போலிருந்தது.

கூட்டம் தொடங்கியது. உப்பளத்தை ஒட்டி ஒரு கம்பெனிக்குச் சாலை போட வேண்டும், அதற்குத்தான் கூட்டம். மேடையில் ஒரு கிளார்க் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் வருவதெல்லாம் அறிக்கையில் ஏறும். வராதது, யாருமே சொல்லாததாகிவிடும்.

கம்பெனி மேனேஜர் பேசினார். சுத்தமாகக் கேட்டது. சங்கத் தலைவர் ஒருவர் ஜனங்கள் மைக்கில் முழங்கினார். அதுவும் சுத்தம். தங்கப்பழம் பின்னால் திரும்பி டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

அடுத்து முத்துப்பேச்சி வந்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர். அவர் தெருவில் நாற்பது வீடுகள். மழைத்தண்ணீர் வெளியேற ஒரே ஓர் ஓடை, கம்பெனியின் வரைபடத்தில் அந்த ஓடையே இல்லை. அதைச் சொல்லத்தான் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்.

"ஐயா..." என்றது ஸ்பீக்கர். பிறகு ஒன்றுமில்லை. "தெருவுல..." என்றது. மறுபடியும் ஒன்றுமில்லை.

கிளார்க்கின் விரல்கள் அப்படியே நின்றன.

"சத்தமாப் பேசுங்கம்மா," என்றார் ஆபீசர்.

அந்த அம்மா மிரண்டுபோய் இன்னும் தணிந்த குரலில் பேசினார். உதடு அசைந்தது. ஸ்பீக்கர் பரம நிம்மதியாக இருந்தது.

"சரிம்மா, எழுதிக் குடுத்துடுங்க. அடுத்து."

எமல்டா எழுந்து வந்து மிக்சர் பக்கத்தில் நின்றார்.

"அந்தம்மாவுக்குக் குரலே இல்ல, டீச்சர்," என்றார் தங்கப்பழம்.

எமல்டா திரையைக் காட்டினார். ஜனங்கள் மைக்கின் சேனலில் கேட்டு மூடிக் கிடந்தது.

"நீங்கதான கேட்டு போடச் சொன்னீங்க?"

"கேட்டுப் போடத்தான் சொன்னேன். கேட்டீங்களா?"

தங்கப்பழம் முத்துப்பேச்சி நின்ற பக்கம் பார்த்தார்.

"போய்க் கேட்டுட்டு வாங்க, அண்ணாச்சி."

அவர் போனார். முத்துப்பேச்சி மைக்கை விட்டு விலகி, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன சொன்னீங்க, யக்கா?"

"ரோடு ஓடைய அடச்சிரும்னு சொன்னேன். நாப்பது வீட்டுக்கும் அந்த ஒரு ஓடைதான். தண்ணி போக வேற வழி கெடையாது. பேப்பர்ல ஓடையக் காணல. ஆனா ஓடை அங்கதான் கெடக்கு. வந்து பாருங்கன்னு சொன்னேன்."

சின்னக் குரல்தான். ஆனால் தடுமாற்றமில்லை, ஒரு சொல் பிசகவில்லை. இவ்வளவையும் இந்த அம்மா ஏற்கெனவே ஒருமுறை சொல்லியாயிற்று. தங்கப்பழத்துக்கு முகம் சுண்டிப்போனது. முப்பது வருஷத் தொழிலில் அப்படி ஓர் அவமானத்தை அவர் பட்டதில்லை.

நேரே மேடைக்குப் போனார்.

"ஐயா, அந்தம்மா இன்னொரு தடவ பேசணும்."

"ஏன், மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு, ஐயா. அவங்க சரியாத்தான் பேசுனாங்க. நாந்தான் உள்ள விடல."

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் இவர் முகத்தைப் பார்த்தார்.

"சரி, பேசச் சொல்லுங்க."

தங்கப்பழம் திரும்பி வந்து கேட்டை எடுத்தார். மண்டபத்து ஃபேன்கள் அத்தனையும் ஸ்பீக்கருக்குள் வந்து இரைந்தன. நாற்காலிகள் கிறீச்சிட்டன, எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. அந்த அமளிக்கு நடுவே முத்துப்பேச்சியின் குரல் வந்தது. கிளார்க் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

முன்வரிசையிலிருந்து கம்பெனி மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது, ஒரே இரைச்சலா வருது?"

"வரட்டும் சார்," என்றார் தங்கப்பழம். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவங்க பேசுறது எனக்குக் கேக்கணும்."