வெளியூர் உயிர்களை விரட்டிய நத்தைக்குளத்தார்

நத்தைக்குளத்தில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழித்ததில்லை என்பதால் வைத்தது வைத்தபடி இருந்தது.

அந்த ஊர் ஏரிக்கு ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாரைகள் வரும். அதைக் கேள்விப்பட்டு வந்த வனத்துறை அதிகாரியம்மா, பல்லுயிர்ப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தார். தலைவர் பொன்னுரங்கம். ஊரில் குடை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான், அதனால் போட்டி இல்லை. கோதண்டமும் ஆபத்சகாயமும் உறுப்பினர்கள்.

அதிகாரியம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். ஏரியில் புழுவிலிருந்து பறவைவரை ஒன்றை நம்பி ஒன்று வாழ்கிறது. வெளியிலிருந்து வந்து, வேரூன்றி, பெருகி, உள்ளூர் உயிர்களின் இடத்தைப் பிடிப்பவற்றை அகற்ற வேண்டும். சீமைக்கருவேலத்தையும் ஆகாயத்தாமரையையும் மனத்தில் வைத்துச் சொன்னார். மனத்தில் இருந்ததை வாயால் சொல்ல மறந்து ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பொன்னுரங்கத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொறுப்பு வந்திருக்கிறது, சொதப்பிவிடக் கூடாதே என்ற கவலை.

மறுநாள் குழு ஏரிக்கரையில் கூடியது. முதலில் சீமைக்கருவேலத்தை விசாரித்தார்கள். கோதண்டம் பிடித்து இழுத்தான். முள் குத்தியதே தவிர மரம் அசையவில்லை. இவ்வளவு அழுத்தமாக நிற்பதென்றால் அது சொந்த மண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று பொன்னுரங்கம் தீர்ப்புச் சொன்னார். ஆகாயத்தாமரையோ தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. வேரூன்றினால்தானே குற்றம்? அதற்கும் விடுதலை.

அப்போது பார்த்து நாரைகள் வந்து இறங்கின.

"இதுங்க எந்த ஊரு?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"வெளியூருண்ணே. கூடு கட்டி, குஞ்சு பொரிச்சுப் பெருகுதுங்க. நம்ம ஊர் மீனையும் தின்னுதுங்க," என்றான் ஆபத்சகாயம்.

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கியது. சின்ன வயதிலிருந்து பார்த்து ரசித்த பறவைகள். ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. தகர டப்பாவைத் தட்டி, ஒன்று விடாமல் விரட்டினார்கள்.

அடுத்தது மிளகாய். அது கப்பலில் வந்தது என்று ஆபத்சகாயம் எங்கேயோ கேட்டிருந்தான். தக்காளியும் அதே வழிதான் என்றான். தோட்டம் தோட்டமாகப் பிடுங்கி எறிந்தார்கள். அன்று ஊர் முழுக்க ரசம் வெந்நீர் மாதிரி இருந்தது. அதுதான் பாதுகாக்கப்பட்ட ரசம் என்று சொல்லிக்கொண்டே பொன்னுரங்கம் இரண்டு டம்ளர் குடித்தார்.

சாயங்காலம் கோதண்டம் தயங்கித் தயங்கி வந்தான். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அண்ணியும் வெளியூர்தான். நல்லா வேரூன்றிட்டாங்க. நாலு பிள்ளைங்க வேற."

பொன்னுரங்கம் வீட்டுக்குப் போய், மாவு ஆட்டிக்கொண்டிருந்த மனைவி சிவபாக்கியத்திடம் விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னார். அவள் ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"சரி. உங்க தாத்தா எந்த ஊரு?"

"தெற்கேருந்து வாத்து மேய்ச்சுக்கிட்டு வந்தவரு. இங்கேயே தங்கிட்டாரு."

"பெருகினாரா?"

பொன்னுரங்கம் குனிந்து தன்னையே ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"அப்ப நீங்க முன்னாடி போங்க. நான் மாவை வழிச்சு வெச்சுட்டுப் பின்னாலேயே வரேன்," என்றாள் சிவபாக்கியம்.

மற்ற இருவர் வீட்டுத் தாத்தாக்களும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். இருட்டுவதற்குள் மூவரும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். பக்கத்து ஊருக்குள் கால் வைக்கப் போன நேரத்தில் பொன்னுரங்கம் சட்டென்று நின்றார். அங்கே போனால் அங்கேயும் வெளியூர்க்காரர்கள்தானே! யோசித்துப் பார்த்து, இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த எல்லை வரப்பில் வரிசையாக நின்றுகொண்டார்கள்.

தடுக்கக் குழு இல்லாததால் ஊர்ப் பெண்கள் கருவேலத்தை வெட்டி அடுப்புக்கு எடுத்தார்கள். ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டு உரமாக்கினார்கள். டப்பா சத்தம் நின்றதும் நாரைகள் திரும்பி வந்தன. சிவபாக்கியம் தினமும் வரப்புக்குத் தயிர்சாதம் கொண்டுவந்து ஊட்டிவிட்டு, மாவு இன்னும் வழித்து முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏரியைப் பார்க்க வந்த அதிகாரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பிறகு வரப்பைப் பார்த்தார். பொன்னுரங்கம் நடந்ததையெல்லாம் ஒப்பித்தார்.

"தலைவரே, இந்த ஏரிக்கு நீங்க செய்யக்கூடிய பெரிய உதவி, இப்படியே அசையாம நிக்கிறதுதான்," என்றார் அதிகாரியம்மா.

பொன்னுரங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. மூவரும் அசையவில்லை. சில நாளில் ஒரு மைனா கோதண்டத்தின் தலைப்பாகையில் கூடு கட்டி முட்டையும் இட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து அவனுக்குத் தும்மல் வந்தது.

"அண்ணே, தும்மலாமா?"

குழு அவசரமாகக் கூடி விவாதித்தது. தும்மினால் முட்டை விழும். அடக்கினால் தலை வெடிக்கும், தலை வெடித்தால் கூடு நிற்காது. எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்த பொன்னுரங்கம், கோதண்டத்துக்குப் பதிலாக ஆபத்சகாயம் தும்மட்டும் என்று முடிவு சொன்னார்.

ஆபத்சகாயம் ஊரே கேட்கும்படி தும்மினான்.

"இப்பத்தான் நிம்மதியா இருக்கு," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டான் கோதண்டம்.