போனின் முதுகு

கடலோர ஊர் ஒன்றில், ஜெனோவா என்பவளின் வீட்டில் ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. பொல்லாத சந்தேகப் பிராணி. கரண்டி கொஞ்சம் பளபளவென்று வந்து நின்றால்கூட, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று குறுக்கு விசாரணை செய்யும். ஜெனோவாவின் விரல்கள்மேல் மட்டும் அதற்குச் சந்தேகமே வந்ததில்லை. நான்கு வயது மகள் ரொசிட்டாவுக்கு மத்தியானச் சோறு ஊட்டும்போது, அந்த விரல்கள் சாளை மீனைப் பிட்டு, மயிரிழை போன்ற முள்ளைக்கூடத் தடவித் தடவி எடுத்துவிடும். எடுத்ததைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கும்.

ரொசிட்டா லேசில் வாய் திறக்க மாட்டாள். அதனால் ஒருநாள் போன் வந்தது. தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்ந்து, முகத்தைக் குழந்தைக்கும் முதுகை அம்மாவுக்கும் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. திரையில் பூனைக்குட்டி ஒன்று பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தது. குழந்தை வாயைப் பிளந்தாள். சோறு உள்ளே போயிற்று. ஜெனோவாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தட்டுக்குத்தான் உறுத்தியது. வந்த அன்றைக்கே இவ்வளவு நல்ல பெயர் வாங்குகிறவனை எப்படி நம்புவது?

"ஏன் தம்பி, கொஞ்சம் திரும்பி உட்காரக் கூடாதா? அம்மாவும் பார்க்கட்டுமே."

"பிள்ளைக்குத்தானே அக்கா படம்? அம்மாவுக்கு எதுக்கு?" என்றது போன், தேனொழுக.

தட்டு அதன்பிறகு கண்ணை எடுக்கவில்லை. அதன் பளபளப்பான விளிம்பில் போனின் முகம் கோணலாகத் தெரியும். ஒரு படம் முடிந்தால் அடுத்ததைப் போன் தானே எடுத்துப் போடும், யாரையும் கேட்காது. முதல் வாரம் பூனை குளித்தது, பள்ளிக்கூடம் போனது. பிறகு ஒருநாள் அதே பூனை, அதே பாட்டு, ஆனால் கையில் கத்தி. தூங்கிக்கொண்டிருந்த இன்னொரு பூனையின் பக்கத்தில் போய் அதை ஓங்கிக்கொண்டு நின்றது. தட்டு பதறிப்போயிற்று.

ரொசிட்டா மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "அம்மா, பூனைக்கு வலிக்கும்லா?"

ஜெனோவாவின் காதில் பாட்டுதான் விழுந்தது. கண் மீனில் இருந்தது. "பூனைக்கு ஒண்ணும் வலிக்காது மக்கா. நீ ஆ காட்டு."

"டேய், என்னத்தடா காட்டுற?" என்று சீறியது தட்டு.

"நானா காட்டுறேன்? பூனை பார்த்த பிள்ளைங்க அடுத்து இதைத்தான் பார்க்குதுங்க. பிடிக்கலேன்னா முகத்தைத் திருப்பிக்கலாமே? கண்ணே சிமிட்டலை, பாருங்க."

"பயத்துல சிமிட்டலைடா!"

"பயமோ ஆசையோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. பார்த்தா சரி."

இதற்குமேல் இவனோடு பேசிப் பயனில்லை என்று தட்டு செம்பின் பக்கம் திரும்பியது. "அண்ணே, நீங்க ஒரு விரல்கடை முன்னால நகர்ந்தாப் போதும். இவன் குப்புற விழுவான். எடுக்குறவ பார்த்துருவா."

"எனக்கெதுக்கு வம்பு? பிள்ளை நல்லாத்தானே சாப்பிடுது."

"சாப்பிடுதா? நல்லாப் பாருங்க."

செம்பு எட்டிப் பார்த்தது. குழந்தையின் கன்னத்தில் சோற்று உருண்டை மெல்லப்படாமல் அப்படியே இருந்தது. குட்டி விரல்கள் பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. செம்புக்குள் தண்ணீர் ஆடியது. அது முன்னால் நகர்ந்துகொடுத்தது.

போன் தட்டிலிருந்த சாளைக் குழம்பில் குப்புற விழுந்தது.

"ஐயோ மாதாவே!" என்று ஜெனோவா அலறியடித்து எடுத்தாள். தட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பார்த்துவிடுவாள், இதோ பார்த்துவிடுவாள். திரையில் கத்தி இன்னும் ஓங்கியபடிதான் இருந்தது. அவள் நைட்டியின் நுனியால் குழம்பைத் துடைத்தாள். ஜன்னல் வெயிலுக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள். வெயில் பட்டதும் படம் மங்கி, கண்ணாடி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. நாலு மூலையையும் விரலால் தடவித் தடவிக் கீறல் தேடினாள்.

ரொசிட்டா மெல்லாத சோற்றோடு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

ஜெனோவா போனை மறுபடியும் செம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"நல்லவேளை, ஒண்ணும் ஆகலை."