டாலரை அழித்த சீடர்

கொள்ளிடக் கரை மடத்துச் சீடர்களில் சிங்காரவேலுவைப்போல் பிடிவாதக்காரர் யாரும் கிடையாது. பள்ளியில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு தவமணி அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். அதை அவர் பொருட்படுத்தியதே இல்லை. அம்மை தரையில் படுத்தால் இவரும் தரையில் படுப்பார். அம்மை மோரில் உப்புப் போடாவிட்டால் இவரும் போடமாட்டார். அம்மை பட்டினி கிடந்தால் இவரும் பட்டினி. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற உடம்பு என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில் ஆறு கரை புரண்டது. நடு ஆற்றுத் திட்டுகளில் ஐந்து ஊர்கள் மாட்டிக்கொண்டன. மடத்து அரிசி படகில் போகவேண்டும்.

எந்த ஊருக்கு எவ்வளவு என்று கணக்கிட அம்மை கணினியில் ஒரு எக்செல் தாள் வைத்திருந்தார். ஊருக்கு ஒரு வரி, வரியில் ஆள் எண்ணிக்கை. தலைக்கு எவ்வளவு அரிசி என்பது மட்டும் மேலே ஒரே கட்டத்தில். இரண்டையும் பெருக்கும் சூத்திரத்தை முதல் ஊருக்கு எழுதினார்.

"இதைக் கீழே இழுத்தீங்கன்னா மத்த ஊருக்கெல்லாம் தானா வந்துடும், ஐயா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

சிங்காரவேலு சூத்திரத்தை உற்றுப் பார்த்தார். கண்ணை உறுத்தியதை அழித்தார். பிறகு இழுத்தார்.

முதல் ஊருக்கு மட்டும் அரிசி. மற்ற நாலுக்கும் பூஜ்யம்.

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார். பூஜ்யம்தான்.

வாசலில் படகுக்காரர் அந்தோணி குரல் கொடுத்தார். "வாத்தியாரே, தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. இப்ப விட்டா இன்னைக்குப் படகு போகாது. நேத்து ராத்திரியிலேருந்து அங்க அடுப்பு எரியலை!"

"இதோ, முடிச்சிட்டேன்!"

முடிக்காமல் எழுந்து பழக்கமில்லை அவருக்கு. முதல் ஊருக்கு வந்த அளவையே மற்ற நாலு கட்டத்திலும் தட்டிவிட்டு, அம்மையைக் கூப்பிட்டார்.

அம்மை வந்து பார்த்தார். "நாணல்திட்டுல பன்னெண்டு பேரு. கோரைத்திட்டுல நூத்தி எழுபது. ரெண்டுக்கும் ஒரே அரிசியா?"

"முதல் ஊருக்கு நீங்க போட்ட கணக்கு தப்பாகுமா? அதையே எல்லாருக்கும் போட்டேன்."

"நான் அரிசி அளவைப் போடலீங்களே ஐயா. பெருக்கத்தானே சொன்னேன்." அம்மை சூத்திரத்தைத் திறந்தார். "இதுல ரெண்டு டாலர் குறி இருந்துச்சே?"

சிங்காரவேலு விறைப்பாக நின்றார். "நான்தான் அழிச்சேன். அன்னதானக் கணக்குல டாலர் எதுக்கும்மா? யாராவது பார்த்தா மடத்துக்கு வெளிநாட்டுப் பணம் வருதுன்னு பேசமாட்டாங்க?"

அம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொள்ளவும் இல்லை.

"அது காசு இல்லீங்க. ஆணி. சூத்திரத்தை இழுக்கிறப்ப அதுல இருக்கிறதெல்லாம் கூடவே இறங்கும். ஆளு எண்ணிக்கை இறங்கட்டும், அந்தந்த ஊருக்கு அந்தந்த ஆளு. தலைக்கு இவ்வளவுங்கிறது இறங்கக் கூடாது. அதுக்குத்தான் ஆணி. இல்லேன்னா கீழே காலிக் கட்டத்தைப் போய்ப் பெருக்கும்."

"அதான் பூஜ்யமா?"

கோரைத்திட்டுப் பிள்ளைகளை நினைத்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"நகருங்கம்மா. நானே போடறேன்."

இரண்டு டாலரையும் இருந்த இடத்தில் வைத்தார். இழுத்தார். ஐந்து ஊருக்கும் ஐந்து விதமாக அரிசி வந்தது. அளந்து கட்டினார்கள். மூட்டைகளைப் படகு வரை அவரே தோளில் சுமந்தார். யார் தடுத்தும் கேட்கவில்லை. அந்தோணி துடுப்பைப் போட்டார்.

படகு மறைந்ததும் சிங்காரவேலு படித்துறையில் உட்கார்ந்தார். கை நடுங்கியது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். நீங்க செய்றதை எல்லாம் நானும் அப்படியே செய்றேன். எனக்கு மட்டும் ஏன் பூஜ்யமாவே நிக்குது?"

அம்மை அவர் கையையே பார்த்தார். "காலையில சாப்பிட்டீங்களா?"

"அந்த ஊருங்க சாப்பிடாம நீங்க சாப்பிடலையே. நானும் சாப்பிடலை."

"கை ஏன் நடுங்குது?"

கையை மடியில் மறைத்துக்கொண்டார். "சர்க்கரைம்மா. மாத்திரை போட்டிருக்கேன்."

அம்மை எழுந்து உள்ளே போனார். வெல்லத் துண்டும் ஒரு தட்டுச் சோறும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"நீங்க சாப்பிடாம நான் எப்படிம்மா?"

"ஊரு பசியாறணும்கிறதுக்குத்தான் நான் ஆணி அடிச்சிருக்கேன். என் பட்டினிக்கு அடிக்கலை. உங்க வரியில சர்க்கரை இருக்கு, ஐயா. சாப்பிடுங்க."